எஞ்சினின் பின்முனை: டீசல் அம்பாசிடரும் அதைப் பழுதுபார்த்தோரும்

இந்தியக் காரின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் தொழிற்சாலை வாயிலில் தொடங்கி, உற்பத்தி நின்ற நாளில் முடித்துவிடுகின்றனர். 1942இல் பிர்லா குடும்பம் இந்துஸ்தான் மோட்டார்ஸைத் தொடங்கியது; 1957இல் கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் அம்பாசிடர் உருவாகத் தொடங்கியது; 2014 மே 24இல் அங்கே உற்பத்தி நிறுத்தப்பட்டது; 2017இல் அந்தப் பெயர் 80 கோடி ரூபாய்க்குப் பெஜோ குழுமத்துக்கு விற்கப்பட்டது. இவையெல்லாம் உண்மையே. ஆனால் ஒரு கார் தொழிற்சாலைக்குள் இருப்பது சில நாள்களே. சாலையிலும் பட்டறையிலும் அது முப்பது, நாற்பது ஆண்டுகள் வாழ்கிறது. அந்த நீண்ட வாழ்க்கைக்கு வரலாறு எழுதியோர் மிகச் சிலர். அதை எழுத எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், எஞ்சினின் பின்முனையிலிருந்து என்பேன். எண்ணெய் ஒழுகுவது அங்கேதான்.

நான் எடுத்துக்கொள்ளும் வண்டி 1980இல் வந்த டீசல் அம்பாசிடர். இந்தியாவில் தயாரான முதல் டீசல் கார் அது. எஞ்சின் 1,489 கன செ.மீ. கொள்ளளவு, ஆற்றல் 37 குதிரைத்திறன். அதைவிடக் கனம் குறைந்த வண்டிகளுக்கே போதாத ஆற்றல் அது. மேட்டில் அந்த வண்டி ஏறிய வேகத்தை நினைவிற்கொண்ட வாசகர்கள் இங்கு இருப்பர். ஆயினும் வாடகை வண்டிக்காரர்களும் நெடுந்தூரம் ஓடுவோரும் அதை விரும்பி வாங்கினர். காரணம் எளிது. 1973, 1979 ஆகிய இரு ஆண்டுகளின் எண்ணெய் நெருக்கடிகளுக்குப் பின் பெட்ரோல் விலை ஏறிக்கொண்டே போனது. உழவுக்கும் சரக்குப் போக்குவரத்துக்கும் உரிய எரிபொருள் என்பதால் டீசலின் விலையை அரசு தாழ்த்தியே வைத்திருந்தது. பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010 ஜூனில் நீங்கியது; டீசலுக்கு அது 2014 அக்டோபரில்தான் நீங்கியது. இடைப்பட்ட காலம் முழுவதும் அந்த விலை வேறுபாடே இந்திய டீசல் காரின் பொருளாதாரம்.

எஞ்சின் புதியதன்று. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் 1950களில் வடிவமைத்த 'பி' வரிசை எஞ்சின்களின் டீசல் வடிவம் அது. 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரிலும், சிறு வேன்களிலும், படகுகளிலும் ஓடியது. அம்பாசிடரும் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்ததே என்பதால் எஞ்சினும் உடலும் ஒரே குடும்பம். 1951ஆம் ஆண்டின் தொழில்கள் வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டமும் இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் இருந்த காலத்தில், புதிய எஞ்சின் ஒன்றை வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவது எளிதாக இருக்கவில்லை. கைக்குத் தெரிந்த குடும்பத்திலிருந்தே ஒன்றை எடுத்தனர். அந்தக் குடும்பத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. அதன் கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் ரப்பர் ஆயில் சீல் கிடையாது.

சீலுக்குப் பதிலாக அங்கே இருந்தது ஒரு சுருள் காடி. திருகாணியில் உள்ளது போன்ற வரியை ஷாஃப்டின் மீதே வெட்டியிருப்பர். ஷாஃப்ட் சுழலும்போது வெளியே வர முயலும் எண்ணெயை அந்த வரி உள்நோக்கி உருட்டித் தள்ளும். ஷாஃப்டும் அதைச் சூழ்ந்த வீடும் ஒன்றையொன்று தொடுவதில்லை; இடையே மயிரிழை அளவு இடைவெளி மட்டுமே. தொடாததால் உராய்வில்லை, தேய்வில்லை, மாற்றவேண்டிய பாகமும் இல்லை. நல்ல ரப்பர் சீல்கள் மலிவாகக் கிடைக்காத காலத்தில் இதைச் சிந்தித்தவர்களை நான் குறை கூறமாட்டேன். அது அறிவார்ந்த ஏற்பாடு. ஆனால் சில நிபந்தனைகளுக்கு உட்பட்ட ஏற்பாடு. எண்ணெய் மிகவும் இளகிவிடக் கூடாது. ஷாஃப்ட் போதிய வேகத்தில் சுழல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எஞ்சினின் உட்புற அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தை மிஞ்சக் கூடாது. எஞ்சின் நின்றபின் ஓரிரு சொட்டு விழும் என்பதை வடிவமைத்தோரே அறிந்திருந்தனர். அக்காலத்துப் பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் கிளட்ச் வீட்டின் அடியில் ஒரு துளை இருக்கும். அதில் ஒரு ஸ்பிலிட் பின் தளர்வாகத் தொங்கும். வண்டி ஆடும்போது பின்னும் ஆடித் துளை அடைபடாமல் காக்கும். ஒழுகல் நடக்கும் என்று ஒப்புக்கொண்டு, அதற்கு ஒரு வாசலும் வைத்த வடிவமைப்பு அது.

இந்தியாவில் அந்த நிபந்தனைகள் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தன. வெயிலில் எண்ணெய் இளகியது. நகர நெரிசலில் வாடகை வண்டி மணிக்கணக்கில் ஐட்லிங்கில் நின்றது. மெல்லச் சுழலும் ஷாஃப்டில் சுருளின் தள்ளுவிசை குறைவு. இவை சிறிய காரணங்கள். பெரிய காரணம் தூசி. காற்று வடிகட்டியைத் தாண்டி உள்ளே வந்த தூசி பிஸ்டன் ரிங்குகளையும் சிலிண்டர் சுவரையும் அரைத்தது. தேய்ந்த ரிங்குகளின் வழியே எரிவாயு கீழிறங்கி, எண்ணெய் இருக்கும் கிராங்க் அறையை அழுத்தத்தால் நிரப்பியது. பெட்ரோல் எஞ்சினில் அமுக்க விகிதம் ஏழு, எட்டு அளவில் இருந்த காலம் அது. இந்த டீசல் எஞ்சினில் அது இருபதுக்கும் மேல். ஆகவே கீழிறங்கும் வாயுவும் கூடுதல். அத்துடன் இன்னொரு வேறுபாடும் உண்டு. பெட்ரோல் எஞ்சினில் காற்றை மட்டுப்படுத்தும் த்ராட்டில் தகட்டுக்குப் பின்னால் ஓர் உறிஞ்சல் உண்டாகிறது. கிராங்க் அறையின் பிரீதரை அதனோடு இணைத்தால் உள்ளழுத்தம் தானே இழுபடும். காற்றைத் தடையின்றி விழுங்கும் டீசல் எஞ்சினில் அத்தகைய உறிஞ்சல் கிட்டத்தட்ட இல்லை. பெட்ரோல் எஞ்சினில் ஓரளவு பொறுத்துக்கொண்ட அதே பின்முனை, டீசல் வடிவத்தில் ஒழுகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்நிகழ்வுக்கு நம் மெக்கானிக்குகள் வைத்த பெயர் 'பேக் கம்ப்ரஷன்'. தில்லியிலும் கல்கத்தாவிலும் சென்னையிலும் இதே சொல்தான். பொறியியல் நூல்களில் வேறு பெயர் உண்டு. ஆயினும் இது அதனினும் பொருத்தமான சொல் என்பது என் எண்ணம். மேலே செல்லவேண்டிய அமுக்கம் பின்னோக்கி வருகிறது என்பதை அது ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. சோதனையும் எளியது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றித் தலைகீழாக அதன் மீதே வைப்பர். மூடி அசையாமல் இருந்தால் எஞ்சின் நலம். தாளமிட்டால் ரிங்குகள் தேய்ந்துவிட்டன. துள்ளி விழுந்து வாயிலிருந்து புகை சீறினால் எஞ்சினை இறக்க வேண்டியதுதான். கருவி ஏதும் தேவையில்லை; செலவும் இல்லை.

இந்தச் சோதனையில் ஒரு தருக்கம் அடங்கியிருக்கிறது. ஒழுகும் இடம் வேறு, ஒழுகலின் காரணம் வேறு. அனுபவமில்லாதவர் எண்ணெய் தெரியும் இடத்தில் கை வைப்பார். பேக்கிங்கை மாற்றுவார், சீலை மாற்றுவார், அதன்மேல் ஷெல்லாக்கைத் தடவுவார். ஒரு மாதத்தில் வேறோர் இடத்தில் ஒழுகும். தேர்ந்தவர் முதலில் எஞ்சினை டீசலாலும் மண்ணெண்ணெயாலும் கழுவி உலர்த்துவார். இரவு வண்டிக்கு அடியில் செய்தித்தாளை விரித்துவைத்து, காலையில் கறை விழுந்த இடங்களைப் பார்ப்பார். கறையின் இயல்பையும் பார்ப்பார். டீசல் தாளில் அகலப் பரவும், மணத்திலேயே தெரிந்துவிடும். டீசல் எஞ்சினின் எண்ணெய் கரி கலந்து கறுத்திருக்கும். பின் அச்சின் கியர் எண்ணெயில் கந்தக வாடை வீசும். பிறகு, காற்றோட்டத்தில் எண்ணெய் பின்னோக்கிப் பரவும் என்பதை நினைவில் வைத்து, நனைந்த பகுதியின் மேல்முனையையும் முன்முனையையும் தேடுவார். பின்முனையில் சொட்டுவது ராக்கர் மூடியிலிருந்தோ பக்கவாட்டு டேப்பெட் மூடியிலிருந்தோ இறங்கி வந்ததாக இருக்கலாம். அந்த ஐயம் தீரும்வரை எஞ்சினை இறக்கமாட்டார். பிரீதர் குழாய் கரியால் அடைந்திருக்கிறதா என்றும் பார்ப்பார். அடைந்த பிரீதரைத் துப்புரவாக்கியதாலேயே பாதி ஒழுகல் நின்ற வண்டிகள் பல.

இடங்களும் பலவாகவே இருந்தன. ராக்கர் மூடி, டேப்பெட் மூடி, சம்ப் ஆகியவற்றில் கார்க் பேக்கிங். சம்பின் இரு முனைகளிலும் பேரிங் மூடிக்கு அடியில் கார்க் பட்டைகள். முன்புற டைமிங் மூடியில் பழைய எஞ்சின்களுக்குக் கம்பளி நமுத்து வளையம், பின்னாளில் ரப்பர் சீல். கார்க் உலர்ந்தால் சுருங்கும். சுருங்கியதை இறுக்கினால் நசுங்கும். மேலும் இறுக்கினால் தகட்டு மூடியே துளைகளைச் சுற்றி வளைந்துவிடும். ஆகவே புதிய பேக்கிங் வைப்பதற்கு முன், மூடியைக் கவிழ்த்துச் சுத்தியலால் மெல்லத் தட்டி வளைவை நிமிர்த்துவது பாதி வேலை. அதைச் செய்யாமல் பேக்கிங்கை மட்டும் மாற்றியவருக்கு வண்டி திரும்பி வந்தது.

பேக்கிங் கிடைக்காத ஊரில் அதை வெட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. வார்ப்பின் முகத்தில் தடித்த அட்டையை வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்பு நெடுகத் தட்டிக்கொண்டே வந்தால் வார்ப்பின் விளிம்பே கத்தியாகி அட்டையை அறுக்கும். துளைகளின் மீது சுத்தியலின் உருண்டைப் பக்கத்தை வைத்துத் தட்டினால் வட்டங்கள் உதிரும். வரைபடம் இல்லை, அளவுகோல் இல்லை. பாகமே தன் வரைபடம். 1950களின் அரசு அறிக்கைகள் ஒரு காரில் எத்தனை விழுக்காடு உள்நாட்டுப் பாகம் என்பதைக் கவலையோடு கணக்கிட்டன. பட்டறையில் தட்டி எடுத்த அட்டைக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

வேறு எஞ்சின்களோடு பழகிய கைகளும் இங்கே உதவின. அம்பாசிடர் டீசலாக வருவதற்கு வெகு முன்பே, பெட்ரோலில் ஓடிய அமெரிக்க லாரிகளில் டீசல் எஞ்சின் ஏற்றும் தொழில் நாடெங்கும் வளர்ந்திருந்தது. சென்னையில் சிம்சன் நிறுவனம் உருவாக்கிய பெர்க்கின்ஸ் வகை எஞ்சின்களுக்கு அதில் பெரும் பங்கு. பின்னாளில் 37 குதிரைத்திறன் போதாதவர்கள் டெம்போ மேட்டடார் வேனின் மெர்சிடிஸ் வழி எஞ்சினை அம்பாசிடரில் ஏற்றினர். அந்த எஞ்சினின் பின்முனையில் இருந்தது கயிறு சீல். அதைப் பொருத்துவது தனிக் கலை. கயிற்றை எண்ணெயில் ஊறவைத்து, காடியில் இட்டு, உருண்டைத் தண்டால் உருட்டி உருட்டி அழுத்தி, முனைகளை ஒரு துளி மட்டும் வெளியே நிற்குமாறு நறுக்க வேண்டும். அதிகம் விட்டால் பேரிங் மூடி சரியாக உட்காராது. குறைத்தால் இணைப்பில் ஒழுகும். அந்தத் துளி எவ்வளவு என்பதை விரல்நுனியால் சொல்லித்தந்தனர். பிற்காலத்தில் ட்யூபில் வந்த சிலிக்கான் பசை இந்தப் பொறுமையைத் தேவையற்றதாக்கியது போல் தோன்றியது. ஆனால் தாராளமாகப் பூசிய பசை உட்புறமும் பிதுங்கி, பின்னர் உதிர்ந்து, எண்ணெய்ப் பம்பின் வலையை அடைத்த எஞ்சின்களும் உண்டு. வெளியே ஒழுகல் நின்றது. உள்ளே பேரிங் போனது.

பேக் கம்ப்ரஷன் முற்றிய எஞ்சினுக்கு ஹாஃப் எஞ்சின் வேலை அல்லது முழு எஞ்சின் வேலை. ஆய்வாளர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. சிலிண்டரைப் போரிங் செய்து அகலமாக்கி, அதற்கேற்பப் பெரிய பிஸ்டன் போடும்போது, அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அலகில் பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று அளவு ஏறும். அந்த எண்ணைப் பிஸ்டனின் தலையில் பொறித்திருப்பர். கிராங்க் ஷாஃப்டைக் கடையும்போது அதே எண்கள் இறங்குவரிசையில் பேரிங்கின் முதுகில் இருக்கும். நாற்பதையும் கடந்தால் சிலிண்டருக்குள் ஸ்லீவ் இறக்கி மீண்டும் முதல் அளவுக்கு வருவர். ஆகவே ஒரு பழைய எஞ்சினைத் திறந்தால் அது எத்தனை முறை மறுபிறப்பு எடுத்தது என்பதைப் படித்துவிடலாம். பிஸ்டன் இருபதில் இருக்க, கிராங்க் முப்பதில் இருந்தால், இடையில் ஒருமுறை எண்ணெய் வற்றிப் பேரிங் மட்டும் பழுதாகியிருக்கலாம் என்று ஊகிக்கலாம். மண்ணடுக்கைப் படிக்கும் தொல்லியலாளருக்கு இதன் சுவை புரியும். ஆவணக் காப்பகங்களில் நான் தேடிக் கிடைக்காத செய்தி பல வண்டிகளின் பிஸ்டன் தலையில் கிடைக்கிறது.

இன்னோர் ஆவணம் ஆர்.சி. புத்தகம். எஞ்சினை மாற்றினால், பெட்ரோலிலிருந்து டீசலுக்குப் போனால், அதைப் பதிவுச் சான்றிதழில் திருத்த வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் விதி. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 52ஆம் பிரிவு. பழைய கையெழுத்துப் புத்தகங்களில் எஞ்சின் எண்ணை அடித்து, புதிய எண்ணை எழுதி, முத்திரை இட்ட பக்கங்கள் உண்டு. ஒரு வண்டியின் எரிபொருள் எந்த ஆண்டில் மாறியது, எந்த ஊரில் மாறியது, யார் கையில் இருந்தபோது மாறியது என்பதெல்லாம் அதில் இருக்கும். விலைக்கொள்கை ஒரு குடும்பத்தின் வாசலுக்குள் எப்போது நுழைந்தது என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொல்லும் சான்றை நான் கண்டதில்லை. இப்போது அந்தப் புத்தகங்கள் அட்டைகளாகிவிட்டன. அட்டையில் கடைசி நிலை மட்டுமே இருக்கிறது. வந்த வழி இல்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, பட்டறையைப் புகழ்ந்து நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. அந்த அறிவு உடல்களின் மீது ஏறியது. பயன்படுத்திய எஞ்சின் எண்ணெய் தோலுக்குக் கேடு. அதில் முழங்கை வரை நனைந்தே வேலை நடந்தது. பழைய கயிறு சீல்களிலும் பிரேக் பட்டைகளிலும் கல்நார் இருந்தது. அதன் தூளை ஊதித் தள்ளினர். உஸ்தாத் என்றும் மிஸ்திரி என்றும் அழைக்கப்பட்டவர்களில் பலர் பத்து வயதில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க வந்தவர்கள். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் தடைப்பட்டியலில் மோட்டார் வாகனப் பழுதுபார்ப்பு பின்னர் சேர்க்கப்பட்டது, சேர்த்தது சரியே. விரல்நுனியில் கற்ற கல்வி என்று நாம் வியப்பது, பள்ளிக்குப் போகாத ஒரு சிறுவனின் கல்வி. இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

டீசல் புகையைப் பற்றியும் அவ்வாறே. 2012 ஜூனில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை டீசல் புகையை மனிதரில் புற்றுநோய் உண்டாக்குவது என்று உறுதிசெய்து முதல் பிரிவில் வைத்தது. பேக் கம்ப்ரஷன் முற்றிய பழைய எஞ்சின் ஒன்று தில்லியின் குளிர்காலக் காற்றில் நாள்தோறும் ஓட வேண்டும் என்று வாதிடுபவன் நானல்லன். 2008இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் பழைய வணிக வாகனங்களை மாநகரிலிருந்து விலக்க ஆணையிட்டபோதும், 2015 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் தலைநகர் வட்டாரத்தில் ஓடக் கூடாது என்றபோதும், அதை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியபோதும், அவற்றின் பின்னால் மூச்சுத்திணறும் நகரங்கள் இருந்தன. 2025 ஆகஸ்டில் அவ்வுரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அவ்வாண்டு டிசம்பரிலேயே அப்பாதுகாப்பை பி.எஸ்.-4 தரமும் அதற்கு மேலும் உள்ள வண்டிகளுக்கு மட்டுமாகச் சுருக்கியது. நாம் பேசும் எஞ்சின் எந்தத் தரமும் பிறப்பதற்கு முந்தியது. ஆகவே அது வெளியே.

என் கேள்வி ஓட்டுவதைப் பற்றியதன்று, வைத்திருப்பதைப் பற்றியது. 2021 ஜூலையில் மத்திய அரசு தொன்மை வாகனங்களுக்கு விதிகள் வகுத்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த இருசக்கர, நான்குசக்கர வண்டிகள் அவ்வகையில் பதிவாகலாம், எண்பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். கண்காட்சிக்கும் தொழில்நுட்ப ஆய்வுக்கும் பேரணிக்கும் எடுத்துச்செல்லலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்டக் கூடாது. நல்ல விதிகளே. ஆனால் கணக்கிட்டுப் பாருங்கள். இந்தியாவின் முதல் டீசல் கார் 1980இல் வந்தது. அந்த முதல் ஆண்டு வண்டிகூட 2030இல்தான் தகுதி பெறும். தலைநகர் வட்டாரத்தில் அதற்குச் சட்டம் தரும் ஆயுள் பத்தாண்டு. பத்துக்கும் ஐம்பதுக்கும் இடையிலான நாற்பது ஆண்டுகளை ஒரு வண்டி எங்கே, எந்தப் பெயரில் கழிக்கும்? தடையில்லாச் சான்று பெற்று வேறு மாநிலத்துக்குப் போகலாம், அல்லது மாயாபுரியில் இரும்பாகலாம். 1998இல் வந்த டாடா இண்டிகா டீசலுக்கும், பிரெஞ்சு எஞ்சினோடு வந்த மாருதி ஜென் டீசலுக்கும் இதே கேள்வி உண்டு; அவற்றின் ஐம்பதாம் ஆண்டு 2048. அதுவரை எத்தனை எஞ்சியிருக்கும் என்பதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை.

விதியின் இன்னொரு நிபந்தனை எனக்கு மேலும் உறுத்துகிறது. வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும். அடிச்சட்டத்திலோ உடலிலோ எஞ்சினிலோ கணிசமான மாற்றம் செய்திருக்கக் கூடாது. மகாராஜாக்களின் ரோல்ஸ்ராய்ஸைக் கொட்டகையில் வைத்துக் காத்தவர்களுக்கு இது பொருந்தும். ஓடிப் பிழைத்த அம்பாசிடருக்கு இது பொருந்துமா? மேட்டடார் எஞ்சின் ஏறிய வண்டியோ, ஆர்.சி.யில் எரிபொருள் மாறிய வண்டியோ இந்நாட்டின் மோட்டார் வரலாற்றை எந்த மூல வடிவத்தைவிடவும் நன்றாகச் சொல்லும். ஆனால் விதியின் கண்ணில் அது கெட்டுப்போன வண்டி. பிரித்தானிய சேகரிப்பாளரின் 'மூலத் தூய்மை' என்ற மதிப்பீட்டை நாம் அப்படியே எடுத்துக்கொண்டோம் என்று தோன்றுகிறது. மீட்டமைப்பு என்பது எந்த நாளுக்குத் திரும்புவது? தொழிற்சாலை வாயிலைக் கடந்த நாளுக்கா, அல்லது மூன்றாம் போரிங் முடிந்து மீண்டும் ஸ்டாண்டில் நின்ற நாளுக்கா? நான் பார்த்த நல்ல மீட்டமைப்பாளர்கள் இதற்கு நடைமுறையில் விடை வைத்திருக்கிறார்கள். சிலர் சுருள் காடியை நீக்கி ரப்பர் சீல் பொருத்துகின்றனர். சிலர் காடியை அப்படியே விட்டு, ரிங்குகளைப் புதுப்பித்து, பிரீதரைத் திறந்துவிட்டு, அடியில் ஒரு தட்டும் வைத்துவிடுகின்றனர். இரண்டாம் வகையினரிடம் எனக்குச் சற்று மதிப்பு அதிகம். நாளைக்கு அந்த எஞ்சினைத் திறப்பவருக்குக் காடி எப்படி வேலை செய்தது என்று காண ஏதேனும் மிஞ்சும்.

உதிரிப்பாகங்களின் நிலையும் மாறிவருகிறது. தில்லியில் காஷ்மீரி கேட், கல்கத்தாவில் மல்லிக் பஜார், சென்னையில் புதுப்பேட்டை ஆகிய சந்தைகளே இவ்வண்டிகளுக்கு நூலகங்கள். மீரட்டின் சோத்திகஞ்சும் அப்படித்தான் இருந்தது. திருட்டு வண்டிகளை உடைத்து விற்றது தொடர்பாக 2021 டிசம்பரில் காவல்துறை அங்கே கடைகளை மூடியது. மூடியதற்குக் காரணம் இருந்தது. திருட்டோடு தொடர்பில்லாத பழைய பாகங்களும், அவற்றை எண் பார்க்காமலே அடையாளம் சொல்லும் மனிதர்களும் அதோடு சிதறினர் என்பதும் உண்மை.

இதைப் படிப்போரில் சிலர் வீட்டில் பழைய டீசல் வண்டி ஒன்று நின்றிருக்கலாம், அல்லது மெக்கானிக் கடை நடத்தியவர் ஒருவர் குடும்பத்தில் இருந்திருக்கலாம். வண்டியைக் காக்கச் சொல்லவில்லை. அதற்கு இடமும் பணமும் வேண்டும். அதை ஸ்கிராப்புக்குக் கொடுக்கும் முன் நான்கு பொருள்களைப் படம் எடுத்துவையுங்கள். பழைய ஆர்.சி. புத்தகத்தின் எல்லாப் பக்கங்கள், குறிப்பாக அடித்தல் திருத்தல் உள்ளவை. கடையின் பில் புத்தகங்களில் போரிங் அளவு எழுதிய பக்கங்கள். எஞ்சினைத் திறக்க நேர்ந்தால் பிஸ்டன் தலையும் பேரிங்கின் முதுகும், எண் தெரியும்படி. நான்காவது, கையால் வெட்டிய பேக்கிங் ஏதேனும் ஆணியில் மாட்டியிருந்தால் அது. பெரும்பாலும் எண்ணெய் படிந்து கறுத்திருக்கும், துடைக்காமலே எடுங்கள். எந்தத் துளையைச் சுற்றி ஒழுகியது என்பது அந்தக் கறையில்தான் தெரியும்.